ஆளுக்கு ஆள் ரசனை வேற. எங்கட போயாக் கூட்டத்துக்கு என்ன புத்தகம் சொல்லுவியள்?

கொக்குவில்கிளி:

வணக்கம். ஒரு உதவி வேணும்.

போயா (பௌர்ணமி) விடுமுறையில பின்னேரம் எங்கட வீட்டு விறாந்தையில கொஞ்சப் பேர் கூடி, வாசிச்ச புத்தகங்களைப் பற்றிக் கதைக்கிறனாங்கள். இலக்கிய வட்டம் அது இது எண்டு பெரிசா நினைச்சுப் போடாதேங்கோ. பிளேன்ரீயும் பருத்தித்துறை வடையும் முதல், புத்தகம் அதுக்குப் பிறகுதான். எல்லாரும் ஒரே புத்தகத்தை வாசிச்சுக்கொண்டு வாறது எண்டுதான் துவங்கினது. அது சரிவரேல்லை. ஒராளுக்கு இனிக்கிறது மற்றாளுக்குக் கசக்குது. போன முறை எடுத்த தடிச்ச நாவலைப் பெரியம்மா பாதிக்கும் போகாமல் மூடி வைச்சிட்டு, "உதை வாசிக்கிற நேரத்துக்கு ரெண்டு தரம் சிவபுராணம் படிச்சிருப்பன்" எண்டு சொல்லிப்போட்டா.

அதால இனி ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு வகை. அவரவர் வாசிச்சிட்டு வந்து மற்ற ஆக்களுக்குக் கதை சொல்லவேணும். ஆக்கள் ஆர் ஆர் எண்டு சொல்லுறன், அதுக்கேத்த மாதிரி சொல்லுங்கோ.

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டீட்டுது. சிரிக்க வேணும் எண்டுறா. "செல் விழுகிற கதை ஒண்டும் தராத, நான் அதுக்குள்ளால ஓடி வந்தனான்" எண்டது அவவின்ர கட்டளை. தம்பி ஏ.எல். எழுதிப்போட்டு றிசல்ற்ஸ் பாத்துக்கொண்டு இருக்கிறான், கணிதப் பிரிவு. போனை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். முன்வீட்டு ஐயா நில அளவைத் திணைக்களத்தில இருந்து ஓய்வு பெற்றவர். கதைப் புத்தகம் தொடமாட்டார், "நடந்ததைத் தாங்கோ" எண்டுவார். என்ர சிநேகிதி ஒருத்தி நேர்ஸ். இரவு டியூட்டிக்கு இடையில வாசிக்கிறவ, நிப்பாட்டி நிப்பாட்டி வாசிக்கக்கூடியது வேணுமாம். நான் வங்கியில வேலை. ஒளிக்காமல் சொல்லுறன், எனக்கு மர்மக் கதைதான் விருப்பம்.

தமிழில இருக்கவேணும். யாழ்ப்பாணத்திலயே தேடி எடுக்கக்கூடியதா இருந்தா இன்னும் நல்லது.

பசைவாளி, சுன்னாகம்:

பிள்ளை, நான் பேராசிரியரும் இல்லை, விமர்சகரும் இல்லை. புத்தகம் கட்டுறவன். வாசிகசாலை, பள்ளிக்கூடம், கோயில், வீட்டுக்காரர் எண்டு எல்லாரும் கிழிஞ்சதைக் கொண்டுவந்து தருவினம். தைச்சுப் பசை பூசிப் பாரம் வைச்சா அது காயும் வரைக்கும் வேற வேலை இல்லை. அந்த நேரம் கையில எது கிடக்கோ அதை வாசிக்கிறது. தேவாரத்துக்குப் பிறகு துப்பறியும் கதை, அதுக்குப் பிறகு ஓ.எல். விஞ்ஞானம். எது கிழிஞ்சு வருதோ அது.

இந்தத் தொழிலில ஒண்டு பழகியிருக்கிறன். எந்தப் புத்தகம் நல்லது எண்டு பின்மட்டையில அச்சடிச்ச புகழை வைச்சுச் சொல்லேலாது. விளிம்பைப் பாக்கவேணும். பரிசு வாங்கின புத்தகம் சிலது முதல் கொஞ்சப் பக்கம் மட்டும் ஊத்தையாக் கிடக்கும், மிச்சம் அச்சகத்தால வந்த வெள்ளையிலயே இருக்கும். வேற சிலது முதல் பக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி விரல் அழுக்கு, நடுவில தேங்காயெண்ணெய்க் கறை, ஒரு பக்கத்தில மஞ்சள். குசினியில அடுப்படியில வைச்சு வாசிச்சிருக்கினம். நான் அந்த மஞ்சளைத்தான் நம்புறது.

பெரியம்மாவுக்கு யோசிக்கத் தேவையில்லை. செங்கை ஆழியானின்ர "ஆச்சி பயணம் போகிறாள்". 1969இல வந்தது. ஊரை விட்டு வெளிக்கிடாத ஆச்சி ஒருத்தி கதிர்காமத்துக்கு வெளிக்கிடுறா, கதை எண்டு பாத்தா அவ்வளவுதான். வழியில காணுற எல்லாத்தையும் ஆச்சி தன்ர ஊர் அளவிலதான் வைச்சுப் பாக்கிறா. எங்களுக்குச் சிரிப்பு வாறது அங்கதான். ஆச்சியைப் பாத்துச் சிரிக்கிறமா, ஆச்சியோட சேர்ந்து சிரிக்கிறமா எண்டு சொல்லேலாத மாதிரி எழுதியிருக்கிறார். என்னட்ட அது எத்தினையோ வீட்டில இருந்து வந்திருக்கு. ஒரு பிரதியில ஆரோ பென்சிலால ஓரத்தில "இது எங்கட சின்னாச்சியேதான்" எண்டு எழுதி வைச்சிருந்தினம். விளிம்பைச் சமப்படுத்தி வெட்டினா அந்த எழுத்து போயிடும். வெட்டாமலே கட்டிக் குடுத்தனான், கொஞ்சம் கோணலாத்தான் இருந்தது. வாங்க வந்தவ கோணலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, அந்தப் பக்கத்தை விரிச்சுப் பாத்துப்போட்டுக் காசைத் தந்தா.

பெரியம்மாவுக்குக் கண் குத்தினா தம்பியை வாசிக்கச் சொல்லி அவ கேக்கட்டும். அது சத்தம் போட்டு வாசிக்க வேண்டிய எழுத்து. பொடியனும் போனை வைப்பான்.

அந்தப் பொடியனுக்கு நான் சொல்லுறதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பியள். கவிதை. ஓடாதேங்கோ. அளவெட்டி மஹாகவியின்ர "குறும்பா", 1966. ஆங்கிலத்தில லிமெரிக் எண்டு ஐஞ்சு வரியில நக்கலாப் பாடுறது இருக்கெல்லோ, அதைத் தமிழ் யாப்புக்குள்ள கொண்டுவந்து இருத்தினவர் அவர். முதல் ரெண்டு வரியும் கடைசி வரியும் ஒரு ஓசையில முடியும், நடுவில ரெண்டு குட்டி வரி. முத்துக் குளிக்கப் போன ஒருத்தனுக்கு முன்னால காலன் வந்து நிக்கிறான். இவன் சத்தம் போடாமல் காலன்ர கைக்குள்ள பத்து முத்தைப் பொத்தி விடுறான். காலன் போயிட்டான். முடிஞ்சுது! லஞ்சத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமா எழுதினதை நான் வாசிக்கேல்லை, கச்சேரிக்கு (அரசாங்கக் கந்தோருக்கு) அலைஞ்ச ஆக்களுக்கு இன்னும் வடிவா விளங்கும். கணக்குப் படிச்ச பொடியன், அளவு பிசகாமல் நிக்கிறதைப் பாத்தா அவனுக்குப் பிடிக்கும். ஒவ்வொண்டும் போன் திரையில ஒரு தட்டில முடியிற நீளம்தான்.

நில அளவை ஐயாவுக்கு ஒரு புத்தகம் காணாது, மூண்டு வேணும், அதுவும் ஒழுங்கு மாறாமல். முதல்ல மாதகல் மயில்வாகனப் புலவரின்ர "யாழ்ப்பாண வைபவமாலை". ஒல்லாந்தர் காலத்தில அவங்கட அதிகாரி ஒருத்தர் கேட்டதால எழுதினது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை எண்டு முன்னம் இருந்ததுகளை வைச்சுத்தான் புலவர் எழுதியிருக்கிறார். அதை வாசிச்சு ஐயா முழுக்க நம்பத் துவங்கினாப்போல, சுவாமி ஞானப்பிரகாசரின்ர "யாழ்ப்பாண வைபவ விமர்சனம்" குடுங்கோ, 1928. பேந்து முதலியார் இராசநாயகத்தின்ர "யாழ்ப்பாணச் சரித்திரம்", 1933. ஒருத்தர் நட்ட எல்லைக்கல்லை மற்றவர் பிடுங்கித் தள்ளி நடுவார். ஐயாவுக்கு வாழ்க்கையில பழக்கப்பட்ட வழக்குத்தானே, புழுகமா வாசிப்பார். சங்கிலியன் யாழ்ப்பாணத்தை ஆண்டது எப்பிடி எண்டதிலயே கூட்டம் பொழுதுபடும் வரைக்கும் இழுபடும். வடையைக் கொஞ்சம் கூடச் சுட்டு வையுங்கோ.

நேர்ஸ் பிள்ளைக்கு அ. முத்துலிங்கத்தின்ர "உண்மை கலந்த நாட்குறிப்புகள்". 2008. அவர் உங்கட கொக்குவில் ஆள்தான், தெரியுமோ? ஆபிரிக்கா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எண்டு வேலை பாத்தவர். நாவல் எண்டுதான் சொல்லுறது, ஆனா ஒவ்வொரு அத்தியாயமும் தனிச் சிறுகதை மாதிரி முடியும். பாதியில கூப்பிட்டாலும் மூடி வைச்சிட்டு ஓடலாம், திரும்பி வந்து எந்தப் பக்கத்திலயும் துவங்கலாம். அதோட இலங்கையர்கோனின்ர சிறுகதைத் தொகுப்பு "வெள்ளிப் பாதசரம்", அவர் செத்தாப் பிறகு 1962இல வந்தது. ஏழாலைக்காரர், எங்கட பக்கத்து ஊர். அந்தத் தலைப்புக் கதையில புதுசாக் கலியாணம் முடிச்ச சோடி ஒண்டு வல்லிபுரக் கோயிலுக்குப் போகுது. சனத்துக்குள்ள பெட்டையின்ர காற்சங்கிலி ஒண்டு துலைஞ்சு போகுது. அவன் ஏசிப்போடுறான். பெரிய சம்பவம் ஒண்டும் இல்லை. ஆனா ஏசினாப் பிறகு ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்காமல் இருக்கிற அந்த நேரம் இருக்கே, கலியாணம் முடிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச நேரம், அதை அவர் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். என்ர மனுசி அதை வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சா, ஏன் எண்டு சொல்லவே இல்லை.

மருத்துவத்தோட சேர்ந்ததும் வேணும் எண்டா நந்தி எழுதின "அருமைத் தங்கைக்கு" தேடச் சொல்லுங்கோ. அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில சமுதாய மருத்துவப் பேராசிரியரா இருந்தவர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எழுதின புத்தகம். உதைத்தான் நான் அடிக்கடி மஞ்சளோட காணுறது.

உங்களுக்கு மர்மக் கதை. அதை இளசுகள் என்னைவிட வடிவாச் சொல்லுவினம். சுஜாதாவின்ர "கொலையுதிர் காலம்" மட்டும் சொல்லுறன். ஆவியா விஞ்ஞானமா எண்டு துப்பறியிற வக்கீல்கள் கணேசும் வசந்தும் மல்லுக்கட்டுவினம். என்னட்டக் கட்ட வந்த பிரதியில கடைசிப் பக்கங்கள் இல்லை, எந்தப் புண்ணியவானோ கிழிச்சுக்கொண்டு போட்டான். கட்டின கையோட சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு வாசிகசாலையில நிண்ட நிலையில முடிவை வாசிச்சுப்போட்டு வந்தனான்.

நீங்கள் கேக்காத ஒண்டும் சொல்லிப்போடுறன். ஈழத்து நாவல் எண்டா எல்லாரும் "வாடைக்காற்று" எண்டுதான் துவங்குவினம், 1978இல படமாவும் வந்ததாலயோ தெரியாது. நெடுந்தீவுக் கடற்கரையும் வாடை அடிக்கிற காலத்துக்கு வந்து வாடி (மீன்பிடிக் குடில்) போடுற சனமும். நல்ல புத்தகம்தான். ஆனா என்னைக் கேட்டா, அந்தப் புத்தகம் வந்த அதே 1973இல வந்த பாலமனோகரனின்ர "நிலக்கிளி" அதுக்கு ஒரு படி மேல. தண்ணிமுறிப்புக் காடு, பதஞ்சலி எண்ட பெட்டை. ரெண்டும் வீரகேசரிப் பிரசுரம், மலிவு விலைத் தாள், இப்ப தொட்டா உதிருது. சண்டைக்கு வாறவை வரலாம்.

கல்கிதாசன்:

ஆர் என்ன சொன்னாலும் பொன்னியின் செல்வன். ஐஞ்சு பாகம். ரெண்டாம் பாகத்தில வந்தியத்தேவன் இலங்கைக்கே வாறான். இதைச் சொல்லாமல் என்ன பட்டியல்?

பசைவாளி, சுன்னாகம்:

தம்பி, அதைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டன். ஐஞ்சு பாகம் எண்டா எனக்கு ஐஞ்சு மட்டை, ஐஞ்சு முதுகு, ஐஞ்சு கூலி. ஆனா முதலாம் பாகம் வாற மாதிரி ஐஞ்சாம் பாகம் என்னட்ட வாறேல்லை. ஏன் எண்டு நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்கோ.

வடமராட்சி ரீச்சர்:

பசைவாளி ஐயாவின் தெரிவுகளை விருப்பத்தோடு வாசித்தேன். "நிலக்கிளி" பற்றி அவர் சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. யாழ்ப்பாணத்தில் ஒரு விறாந்தையில் கூடி யாழ்ப்பாணத்துப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாவலாசிரியர் டானியலை எப்படிக் கடந்து போகலாம்? "பஞ்சமர்" 1972இல் வந்தது. தேநீர்க்கடையில் சரிசமமாக இருந்து குடிக்கவும் கோயிலுக்குள் போகவும் எங்கள் ஊர்களில் மனிதர்கள் அடிபட வேண்டியிருந்த காலத்தை எழுதிய நாவல். எழுத்து கரடுமுரடானது, பாத்திரங்கள் கூட்டமாக வந்து குழப்பும், சில இடங்களில் மேடைப் பேச்சாகவும் போய்விடும். இருந்தாலும் ஆச்சியின் பயணத்தைப் படித்துச் சிரித்த அதே முற்றத்துக்கு வெளியே, படலைக்கு அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பதை அதில்தான் பார்க்கலாம். முன்வீட்டு ஐயா "நடந்ததைத் தாங்கோ" என்கிறாராம். அவருக்குக் கொடுங்கள், அரசர் வரலாறு எங்கும் ஓடிவிடாது.

அடுத்தது போர். பெரியம்மாவை ஒருவரும் வற்புறுத்தக்கூடாது. அவர் சொன்னது நியாயம். ஆனால் ஏ.எல். எழுதிய தம்பி, போர் முடிந்த 2009இல் கைக்குழந்தையாக இருந்திருப்பான். அவனுக்கு அது தெரியாமலே போகலாமா? தடித்த நாவல்களில் தொடங்க வேண்டாம். எங்கள் பக்கத்து எழுத்தாளர் குந்தவையின் "யோகம் இருக்கிறது" சிறிய தொகுப்பு. ஆரவாரமே இல்லாமல் எழுதுகிறவர். 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டு நடந்ததை நாங்கள் எல்லாரும் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறோம். சொல்லிச் சொல்லி அது வெறும் வசனமாகிவிட்டது. குந்தவையின் கதைகளைப் படித்தபோதுதான் அந்தக் காலத்து வீட்டுச் சாமான்கள், வயதான ஆக்கள், யாரை ஏற்றுவது எதை விடுவது என்ற சின்னக் கணக்குகள் எனக்குத் திரும்ப வந்தன. ரஞ்சகுமாரின் "மோகவாசல்" தொகுப்பில் "கோசலை" என்ற கதை. இயக்கத்துக்குப் போன பிள்ளைகளின் தாய். அதை வகுப்பில் வாசிக்க எடுத்துப் போய், வாசிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒன்றின் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

கவிதை என்றால் "குறும்பா" மட்டும் போதாது. 1985இல் வந்த "மரணத்துள் வாழ்வோம்", 1986இல் பெண்கள் மட்டும் எழுதிய "சொல்லாத சேதிகள்". இரண்டாவது மிக மெல்லிய புத்தகம், நேர்ஸ் தங்கைக்கு ஒரு இரவு டியூட்டிக்குள் முடியும். முடிந்த பிறகு நித்திரை வருமா என்பது வேறு விஷயம். போரைப் பற்றிய தொகுப்பாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் நடக்கிறதையும் சேர்த்துக் கேட்கிற குரல்கள் அதில் இருக்கின்றன.

பசைவாளி, சுன்னாகம்:

ரீச்சர் சொன்னதில எனக்கு மறுப்பில்லை. "பஞ்சமர்" என்னட்டயும் வந்தது. கொண்டுவந்தவர், நல்லாக் கட்டுங்கோ, ஆனா முதுகில பேர் போட வேண்டாம் எண்டவர். பச்சைக் கலிக்கோத் துணி போட்டு வெறுமனே குடுத்தனான். ஏன் எண்டு கேக்கேல்லை. ரெண்டு பக்கமும் காரணம் இருக்கலாம்.

ஆனா ரீச்சர், எங்கட ஆக்களிட்ட "ஈழத்துப் புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ" எண்டா உடன சண்டைப் புத்தகத்தைத்தான் நீட்டுறம். வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையள் அதை மட்டும் வாங்கிக்கொண்டு போகுதுகள். நாங்கள் சிரிச்சது, கோயிலுக்குப் போய்ச் சண்டை பிடிச்சது, காலனுக்கு லஞ்சம் குடுத்தது எல்லாம் எழுதிக் கிடக்கு எண்டு அதுகளுக்கு ஆர் சொல்லுறது? முதல் புத்தகம் அதாய் இருக்கட்டும் எண்டுதான் நான் நிக்கிறன். ரெண்டாவதா நீங்கள் சொன்னதைக் குடுங்கோ.

வடமராட்சி ரீச்சர்:

முதலாவதோடு நின்றுவிடுகிற ஆக்கள்தான் கூட, ஐயா. என் பயம் அது.

பரமேஸ்வராச் சந்தி:

கம்பசில மூண்டாம் வருசம். ரெண்டு பெரிய ஆக்கள் கதைக்கிற இடத்தில சின்னதா ஒண்டு சொல்லீற்றுப் போறன்.

தம்பிக்கு: சுஜாதாவின்ர "என் இனிய இயந்திரா". எண்பதுகளில விகடனில தொடரா வந்தது. கதை நடக்கிற காலம் அவர் எழுதேக்க எதிர்காலம், எங்களுக்கு அது தாண்டிப் போட்டுது. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேணும், ஆக்களுக்கு எல்லாம் குட்டிக் குட்டிப் பேர். ஜீனோ எண்ட இயந்திர நாய்தான் கதாநாயகன் எண்டே சொல்லலாம், புத்தகம் எல்லாம் வாசிச்சு மனுசரைவிட நல்லா யோசிக்கும். இப்ப போனில ஏ.ஐ.யோட கதைச்சுக்கொண்டிருக்கிற பொடியனுக்கு இதைக் குடுத்தா ஒரே இருப்பில முடிப்பான். பிடிச்சா "மீண்டும் ஜீனோ".

காமிக்ஸ் பழக்கம் இருந்தா சிவகாசி முத்து காமிக்ஸ். 1972இல துவங்கினது, இரும்புக்கை மாயாவியோட. என்ர அப்பா பழசைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்கிறார், எனக்கே தரமாட்டார்.

புத்தகம் எடுக்கிறதைப் பற்றி: பழைய ஈழத்துப் பதிப்புகளைக் கடையில தேடி அலையாதேங்கோ. 2005இல துவங்கின நூலகம் வலைத்தளத்தில ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், காசில்லை. "நிலக்கிளி", "யாழ்ப்பாண வைபவமாலை" எல்லாம் நான் அங்கதான் வாசிச்சது. நில அளவை ஐயாவுக்கு எழுத்து சின்னன் எண்டா ரப்லெற்றில பெருப்பிச்சுக் காட்டுங்கோ. புதுசு வேணும் எண்டா ரவுணில பூபாலசிங்கம் புத்தகசாலையில கேட்டுப் பாருங்கோ. பொது நூலகத்திலயும் தேடலாம். 1981இல எரிஞ்சதுக்குப் பிறகு திரும்பக் கட்டி நிரப்பினது. அண்டைக்கு எரிஞ்சதில ஏறத்தாழ 97,000 புத்தகம் எண்டு சொல்லுறவை. அந்த எரிப்பைப் பற்றி நுஃமான் எழுதின "புத்தரின் படுகொலை" ஒரே ஒரு கவிதைதான். ரீச்சர் சொன்ன பட்டியலோட அதையும் சேருங்கோ.

அக்காவுக்கு மர்மம் சொல்லத் தெரியேல்லை. நான் அந்தப் பக்கம் போறேல்லை, பயம்.

கொக்குவில்கிளி:

எல்லாருக்கும் நன்றி. ஒருத்தர் ரெண்டு பேர் பேர் மட்டும் எழுதீட்டுப் போவினம் எண்டு நினைச்சனான்.

நடந்ததைச் சொல்லுறன். "ஆச்சி பயணம் போகிறாள்" கிடைச்சிட்டுது, தெரிஞ்ச வீடொண்டில. பசைவாளி அண்ணை சொன்ன மாதிரித் தம்பியை வாசிக்க விட்டம். முதல்ல மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தவன். கொஞ்சத்தால ஆச்சிக்கு ஒரு குரல், மற்ற ஆக்களுக்கு ஒரு குரல் எண்டு போட்டு வாசிக்கத் துவங்கீட்டான். பெரியம்மா சிரிச்சது ஒருபக்கம், இடையில நிப்பாட்டி, தான் சின்னனில கதிர்காமம் போன கதையை எடுத்தா. அதோட புத்தகம் அண்டைக்கு நகரேல்லை. அவ சொன்ன கதை புத்தகத்தைவிட நீளம்.

முன்வீட்டு ஐயா மூண்டு புத்தகத்தையும் ரப்பில இறக்கித் தரச் சொன்னார். ஞானப்பிரகாசரோட வாதாடிக் குறிப்பெழுத ஒரு சி.ஆர். கொப்பியும் வாங்கி வைச்சிருக்கிறார். "பஞ்சமர்" எண்டு நான் சொன்ன உடன கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு "கொண்டு வா, பாப்பம்" எண்டார். ரீச்சர், அவ்வளவுக்குத்தான் இப்ப வந்திருக்கு. நேர்ஸ் சிநேகிதி "சொல்லாத சேதிகள்" கேட்டிருக்கிறா, முத்துலிங்கத்தைப் பேந்து பாப்பாவாம். நான் "கொலையுதிர் காலம்" துவங்கீட்டன், கடைசிப் பக்கம் இருக்கோ எண்டு முதலே பாத்துப்போட்டன்.

ஒரு கேள்வி அண்ணை. அந்த ஆச்சிப் புத்தகம் இரவல். நடுவில ரெண்டு தாள் கழண்டு நிக்குது, ஒரு பக்கம் குறுக்கால கிழிஞ்சும் கிடக்கு. செலோரேப் ஒட்டிக் குடுத்தா காணுமோ?

பசைவாளி, சுன்னாகம்:

ஐயோ பிள்ளை, செலோரேப்பைத் தொடாதேங்கோ! இப்ப வடிவா ஒட்டும். கொஞ்ச வருசத்தில ரேப் கழண்டு விழும், பசை மட்டும் மஞ்சளாத் தாளுக்குள்ள இறங்கி எழுத்தைத் திண்டிடும். பேந்து ஆராலும் ஒண்டும் செய்யேலாது.

கிழிஞ்சதுக்கு மெல்லிய ரிஷ்யூத் தாளை விரல் அகலத்துக்குக் கையால கிழிச்செடுங்கோ, கத்தரிக்கோலால வெட்டாதேங்கோ. கிழிச்ச விளிம்பில நார் இருக்கும், அதுதான் பிடிக்கும். கோதுமை மாவைத் தண்ணியாக் கரைச்சுக் காய்ச்சி, ஆறினாப் பிறகு தூரிகையால மெல்லிசாப் பூசி ஒட்டுங்கோ. ரெண்டு பக்கமும் எண்ணெய்த்தாள் வைச்சு, மேல பாரமான புத்தகத்தைத் தூக்கி வையுங்கோ. அந்தப் பாதியில மூடின தடிச்ச நாவல் இருக்கெல்லோ, அது காணும். கழண்ட தாளுக்கு உள் விளிம்பில மட்டும் நூல் அளவுக்குப் பசை, கூடப் பூசினா பக்கத்துத் தாளையும் பிடிச்சிடும். வீட்டில பூச்சி இருந்தா பசை காய்ச்சேக்க துளி துருசு போடலாம், ஆனா அது நஞ்சு. பெரியம்மா எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுற ஆளெண்டா போடவே போடாதேங்கோ.

முடியேல்லை எண்டா சந்தைப் பக்கம் வரேக்க கொண்டுவாங்கோ. ஓரத்தில ஏதும் எழுதிக் கிடக்கோ எண்டும் ஒருக்காப் பாத்துப்போட்டுக் கொண்டுவாங்கோ, அதுக்கேத்த மாதிரித்தான் வெட்டுறது.